வேருக்கும் கழிவு மூன்று றாத்தல்

தோட்டத்துக்கு டாக்டர் வருகிறார் என்று வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் சொன்னதுதான் தாமதம், மேட்டு லயத்துக் குடியிருப்பில் இருந்த இருமல், சொறி, கால்வீக்கம் எல்லாம் கிளம்பி வந்து வரிசையில் நின்றுவிட்டன. நாகலெட்சுமியும் தன் முழங்கால் வலியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். இரண்டு வருஷத்து வலி. சும்மா வீணாய்ப் போகலாமா?

காரை விட்டு இறங்கிய மனிதர் வரிசையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே சவுக்கு மரத்தடிக்குப் போனார்; மலைநாட்டில் சில்வர் ஓக்கைத்தான் சவுக்கு என்பார்கள். கிளையை வளைத்து ஓர் இலையைக் கிள்ளினார். திருப்பிப் பார்த்தார்: மேலே பச்சை, அடியில் வெள்ளி. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தபடி நின்றார். வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் சத்தமாக இருமிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"மரத்துக்கு நாடி பாக்க வந்த டாக்டராம்டி," என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ராசம்மா. "நாம லயத்துக்குள்ள இருமியே சாவோம். மரத்துக்கு வந்துருச்சு பாரு காரு."

அவர் பெயர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் படித்து, சீமையில் படித்து, படித்ததற்கெல்லாம் சேர்த்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நோர்வூட்டிலிருந்து ஆறு மைல் மேலே ஏறினால் வருகிற இந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யார் நாக்கிலும் நுழையாததால் சனங்கள் பெருங்காத்துத் தோட்டம் என்றே சொல்லி வந்தார்கள். டாக்டரை இழுத்து வந்ததும் அந்தக் காற்றுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன், ஒரே மூட்டை விதையில் முளைத்த சவுக்கு நாற்றைப் பாதி மேட்டிலும் பாதி ஓடைக்கரையிலும் நட்டிருந்தார்கள். இன்றைக்கு மேட்டு மரத்தின் இலை சிறுத்துத் தடித்துக் கிடக்கிறது. ஓடை மரத்தின் இலையோ அகலமாக, மெல்லிசாக ஆடுகிறது. ஒரு தாய் பிள்ளைகள் ஏன் இரண்டு விதமாக வளர்ந்தன? இலையே இப்படியென்றால் மண்ணுக்குள் வேர் எப்படியிருக்கும்? இதைக் கண்டுபிடிக்கத்தான் அவரை மேலிடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஐம்பத்தேழாம் வருஷத்துப் பங்குனி மாதம் அது.

வேர் கழுவ ஓர் ஆள் வேண்டுமென்று டாக்டர் கேட்டதும் தோட்டத்துத் துரை நாகலெட்சுமியைக் கைகாட்டினார். முழங்கால் வலியென்று நின்றவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. மருந்துக்குப் பதிலாக அது.

வேலை இதுதான். மேட்டில் இருபது மரம், ஓடையில் இருபது மரம். ஒவ்வொன்றிலும் எண் போட்ட தகரத் தகடு ஒன்றைக் கட்டினார்கள். மரத்தடியில் முழ நீளம், முழ அகலம், முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் கிடைத்த வேரையெல்லாம் நறுக்கி எடுத்தார்கள். நாகலெட்சுமி அதை மண் போகக் கழுவி, சாக்கில் பரப்பி உலர்த்துவாள். பிறகு தராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். கூடவே மரத்துக்கு ஒரு சாக்கு இலையும் பறித்து நிறுக்க வேண்டும்.

"ஏங்கய்யா, இதெல்லாம் எதுக்குங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"மேட்டு மரத்துக்கும் ஓடை மரத்துக்கும் ஏன் வித்தியாசம் எண்டு பாக்கத்தான் தங்கச்சி."

"மேட்டுல காத்து, ஓடையில தண்ணி. வேற என்னங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதை நிறுத்துக் காட்ட வேணுமெல்லோ."

"எத்தன நாளு ஆகும்?"

"இரண்டு மாசம்."

நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மனுஷர் கெட்டவரில்லை. அவர் எழுத, அவள் எடையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தராசின் வட்ட முகத்தைக் காட்டி, "உந்த முள்ளைப் பாருங்கோ. பெரிய கோடு அஞ்சு, சின்னக் கோடு ஒண்டு. கூட்டிச் சொல்லுங்கோ," என்றார். பதினாறு வயதிலிருந்து தினமும் தன் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக் காட்டிய தராசுதான் அது. அதன் முகத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அவளுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. ஒரு காலை நேரத்தில் கற்றுக்கொண்டாள்.

அவளுக்கு அந்த மேட்டு மரங்களின் மேல் ஒரு பாசம் இருந்தது, பயத்தில் பிறந்த பாசம். மேட்டு லயம் மலைச்சரிவின் இடுப்பில் இருக்கிறது. அவளுடைய காம்பரா கடைசி. பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம். தலைக்கு மேலே அந்தச் சவுக்கு வரிசை. மூன்று வருஷத்துக்கு முன் எதிர்மேட்டில் இதே போல நின்ற வரிசையைத் தேயிலை உலர்த்துகிற ஸ்டோர் அடுப்புக்கு விறகாக வெட்டினார்கள். அடுத்த ஆடியில் மண் இறங்கி வந்து மாட்டுக் கொட்டகையை வாரிக்கொண்டு போயிற்று. அதில் அவளுடைய கறவைப் பசுவும் இருந்தது. கயிறு மட்டும் கிடைத்தது. அந்த மழை நாட்களிலெல்லாம் இரண்டு பெண்பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு, நல்ல வேளை நம்ம தலைக்கு மேலே மரம் நிக்குது என்று சொல்லிச் சொல்லித்தான் தைரியப்பட்டாள்.

மூன்றாம் நாள், கழுவிய வேர் உலர்ந்து தராசுக்கு வருவதற்குள், டாக்டருக்குக் கொழும்பில் ஏதோ மகாநாடு வந்தது. ஆராய்ச்சி நிற்கக் கூடாதே. "கழுவுகிறவள் கழுவட்டும். நிறுத்து எழுதப் பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும்," என்று துரையிடம் கேட்டார். துரை கொடுத்த பொறுப்பான ஆள் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம்.

முத்துலிங்கத்தை லேசுப்பட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் இருபத்திரண்டு வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். பெண்கள் கூடையைத் தொங்கவிடுவார்கள். முள் ஆடி நிற்பதற்குள் அவர் வாயிலிருந்து எடை வந்துவிடும், மூன்று றாத்தல் கழித்து. கூடைக்கு ஒரு றாத்தல், தண்ணிக்கு இரண்டு றாத்தல். மழை நாளில் கொழுந்தோடு ஒட்டிவந்த தண்ணீருக்குக் கழிவு, சரி. வெயில் நாளில்? மழை பெய்திருந்தால் ஒட்டியிருக்கக்கூடிய தண்ணீருக்கு! இந்தக் கழிவு எந்தச் சட்டத்திலும் இல்லை, தோட்டத்துக் காகிதம் ஒன்றிலும் இல்லை. அதனாலேயே அதை மாற்றச் சொல்லிக் கேட்கவும் வழியில்லை. இல்லாத ஒன்றை யார்தான் மாற்றுவது?

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வேர் தொங்கியது, முத்துலிங்கம் எழுதினார். முதல் மேட்டு மரத்தின் வேர் மூன்றரை றாத்தல். கழிவு போக அரை றாத்தல் என்று எழுதினார். இரண்டாவது மூன்று. கழிவு போக ஒன்றுமில்லை. ஏழாவது மரத்துக்கு இரண்டரைதான் நின்றது. கழிவுக்கே அரை றாத்தல் பற்றவில்லை. முத்துலிங்கம் பென்சிலைக் காதில் செருகி யோசித்தார். நியாயமான மனுஷராச்சே, குறைந்த அரை றாத்தலை எட்டாவது மரத்தின் தலையில் பிடித்துக்கொண்டார். ஓடை மரத்து வேர் கொழுத்தது, குழிக்கு ஆறு ஏழு றாத்தல் இருந்தது, கழித்தும் பாதி மிஞ்சியது. மேட்டு மரத்து இலைச் சாக்கு இரண்டு றாத்தலைத் தாண்டவேயில்லை. ஆகவே அந்த மரங்களுக்கு இலையும் இல்லை என்று ஆயிற்று. மனதில் ஒரு துளி கள்ளமில்லாமல், குண்டு குண்டான எழுத்தில், நாற்பது மரத்துக்கும் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டார்.

சித்திரை கடைசியில் கொழும்பிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. டாக்டர் அம்பலவாணர் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் எழுதியிருந்தார். நாற்பதடி உயர மரம், வேர் இல்லை, இலை இல்லை, ஆனாலும் உயிரோடு நிற்கிறது! சில மரங்களுக்கு வேர் இல்லாததோடு, பக்கத்து மரத்துக்குக் கடனும் இருக்கிறது! காற்றைக் குடித்தே வாழ்கிற மரமோ என்று சந்தேகிக்கிறார். உலகத்தில் யாரும் காணாத செய்தியாம். வைகாசியில் நேரில் வந்து படம் பிடிக்கிறேன் என்று முடித்திருந்தார். எடை தவறாக இருக்குமோ என்று ஒரு சொல் அதில் இல்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி வந்த கணக்காயிற்றே.

துரைக்கு உலகச் செய்தியில் அக்கறையில்லை. அவர் கடிதத்திலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்கு வந்தார். இருபது வருஷமாகப் பேசி இன்னும் பழகாத தமிழ் அவருடையது.

"மேட்டு மரம் வேர் இல்லே. பெரிய டாக்டர் சொல்லிட்டான். வேர் இல்லாத மரம் நம்ம மண்ணு புடிக்காது. சும்மா நிக்குது. எல்லாம் வெட்டு. மரம் ஸ்டோருக்கு, மண்ணு தேயிலைக்கு. மழைக்கு முன்னே முடி."

நாகலெட்சுமி திரும்பிப் பார்த்தாள். மரம் வெட்டும் கூட்டத்தில் அவளுடைய புருஷன் வீரய்யாவும் இருந்தான்.

"நீங்களுமா வெட்டப் போறீங்க?" என்றாள் வழியில்.

"நான் வெட்டலேன்னா வேற ஆளு வெட்டுவான். என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

"வேரில்லையாம்ல. நான் கழுவுனேங்க. ஒவ்வொண்ணும் வடம் மாதிரி. குழியத் தாண்டி இன்னும் கீழ போகுது. குழிக்கு வெளிய இருக்கத யாரு பாத்தா? நிறுத்த மட்டுக்குமே ரெண்டரைக்குக் கொறைஞ்சு முள்ளு நிக்கலயே, அதாச்சும் எங்க போச்சு?"

எங்கே போயிற்று என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. வேர் கழுவும் வேலை முடிந்து அவள் மறுபடி கொழுந்துக்குப் போன நாள் அது. மடுவத்தில் கூடையைத் தொங்கவிட்டுவிட்டு, முன்பெல்லாம் தரையைப் பார்க்கிறவள் முள்ளைப் பார்த்தாள். ஐந்தாவது பெரிய கோடு. இருபத்தைந்து.

"இருபத்திரெண்டு," என்றார் முத்துலிங்கம்.

அடுத்து ராசம்மாவின் கூடை. முள்ளில் பத்தொன்பது, முத்துலிங்கத்தின் வாயில் பதினாறு. அடப்பாவி மனுஷா! நாகலெட்சுமி வெறுங்கூடையோடு அங்கேயே நின்றுவிட்டாள். எல்லாரும் போகும் வரை காத்திருந்து, கிட்டே போனாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. வேருக்குமா கழிச்சீங்க?"

"நிறுத்தா கழிவு. அது தோட்டத்து மொறை," என்றார் அவர் நிமிராமலே. பிறகு மெல்ல நிமிர்ந்தார். பிறகு பேரேட்டை மூடினார்.

"வேர்ல ஏதுங்க கூடை? காஞ்ச வேர்ல ஏதுங்க தண்ணி? மரத்த வெட்டிப்புட்டா எங்க லயம் போயிரும்ங்க. என் ரெண்டு புள்ளைகளும் அதுக்குள்ளதான் படுக்குது. தொரைகிட்ட ஒரு வார்த்த, தெரியாமக் கழிச்சுட்டேன்னு சொல்லிருங்கய்யா."

முத்துலிங்கம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "தெரியாமக் கழிச்சேன்னு நான் போய்ச் சொன்னா, தெரிஞ்சு எங்கய்யா கழிக்கிறேன்னு கேக்க மாட்டாரா? வேருக்கு மூணு றாத்தலத் திருப்பிக் குடுத்தா நாளைக்கு நீங்கள்லாம் கொழுந்துக்குக் கேக்க மாட்டீங்க? எனக்கும் நாலு புள்ளைக. போ, நாகலெச்சுமி. மரம்னா இன்னொண்ணு மொளைக்கும்."

"நானே தொரைகிட்ட சொல்றேன்."

"சொல்லு. நல்லாச் சொல்லு," என்றார். குரலில் பயமே இல்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் பெரட்டில் விளங்கிவிட்டது. நாகலெட்சுமி கூட்டத்தை விட்டு முன்னால் வந்து கும்பிட்டு, விஷயத்தைச் சொன்னாள். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"கழிவா? என்னா கழிவு?"

"கொழுந்துக்குக் கழிக்கிறதுங்க. மூணு றாத்தல்."

"நம்ம தோட்டம் கழிவு இல்லே. ரூல் புக் பாரு. இல்லே. கண்டாக்கு, கழிவு இருக்கா?"

பக்கத்தில் நின்ற மேற்பார்வை உத்தியோகத்தர் கண்டாக்கு ஐயா, "இல்லீங்க," என்றார். துரை முத்துலிங்கத்தைப் பார்த்தார். "இல்லீங்க," என்றார் முத்துலிங்கம்.

"கேட்டியா பொம்பளே? இல்லாத கழிவு எப்படி வேர் திங்கும்? போ, வேலைக்குப் போ."

துரைக்குத் தெரியாமல் அந்தத் தோட்டத்தில் ஒரு றாத்தல் அசையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் நாற்பது மரத்து வேரை ஒரு புத்தகத்தில் மறைத்துவிட்டு நிற்கிறார்கள். நாகலெட்சுமிக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதால் தோற்றுப்போனதாக ஆகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

வைகாசி பிறந்ததும் வெட்டு தொடங்கியது. ஏழாம் எண் தகடு கட்டிய மரம் முதலில் விழுந்தது. விழுந்த சத்தத்தில் லயத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. வெட்டினால் போதாது, தேயிலை நட வேண்டுமே, அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள் என்று கட்டளை. வேர் இல்லாத மரம்தானே என்று அதற்கு இரண்டு ஆளும் அரை நாளும் கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் இரண்டு ஆள். இரண்டாம் நாள் ஆறு ஆள். மூன்றாம் நாள் பன்னிரண்டு ஆள், நாலு அலவாங்குக் கடப்பாரை, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சங்கிலி. கட்டை அசைந்து கொடுக்கவில்லை. குழி வளர்ந்துகொண்டே போய், வீரய்யா உள்ளே நின்றால் தலைப்பாகைகூட வெளியே தெரியவில்லை. மேற்பரப்பில் ஒரு முழத்துக்கு இரண்டே இரண்டு வேர்தான். அதற்குக் கீழேதான் சங்கதி இருந்தது. காற்று அடிக்கிற பக்கம் பார்த்து, தொடை தடிமனான வேர்கள் பாறையைச் சுற்றி இறுக்கி, பிளவுக்குள் புகுந்து, அதற்கும் கீழே போயிருந்தன. வெட்டி எடுத்த துண்டுகளைக் கரையில் போட்டுப் போட்டு அது ஒரு குவியலாகி வெயிலில் காய்ந்தது.

நாலாம் நாள் துரை வந்தார். கூடவே, கழுத்தில் காமிராவோடு டாக்டர் அம்பலவாணர். வேரில்லாத மரத்தைப் படம் பிடிக்க வந்தவர். கண்டாக்கும் முத்துலிங்கமும் பின்னால். மேட்டில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கை ஓடுகிற மாதிரி காட்டிக்கொண்டு கிட்டே கிட்டே வந்தார்கள்.

"என்னா இது?" என்று துரை குழியைப் பார்த்துக் கத்தினார். "வேர் இல்லாத மரம், நாலு நாளா?"

குழிக்குள்ளிருந்து வீரய்யாவின் குரல் வந்தது. "இல்லாத வேரத்தான் தேடிக்கிட்டிருக்கோம்ங்க தொரை. கெடைக்கக் கெடைக்க வந்துக்கிட்டே இருக்கு."

டாக்டர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குழிக்குள் குதித்தார். பிறகு முகமெல்லாம் மண்ணாக மேலே வந்தார்.

"கடவுளே! இது என்ன வேர்! ஆர் நிறுத்தது? உந்தக் குவியலை இப்ப, என்ரை கண்ணுக்கு முன்னாலை நிறுங்கோ."

தராசு வந்தது. மூன்று அலவாங்கைச் சேர்த்துக் கட்டி அதில் தொங்கவிட்டார்கள். முத்துலிங்கம் கிட்டே போய் நின்றார். பாவம், அவர் அன்றைக்கு யோக்கியமாகத்தான் இருக்க நினைத்திருந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வாய் கேட்க வேண்டுமே. முதல் துண்டு தொங்கியது. முள் நாற்பத்தெட்டில் நின்றது.

"நாப்பத்தஞ்சு," என்றார் முத்துலிங்கம்.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நாப்பத்தெட்டெல்லோ?"

"ஆமாங்க, ஆமாங்க. நாப்பத்தெட்டு."

அடுத்த துண்டு. முள் முப்பத்தொன்று.

"இருவத்தெட்டு," என்றது முத்துலிங்கத்தின் வாய். சொன்ன பிறகு அவரே தன் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஏன் காணும் மூண்டு மூண்டாக் குறைக்கிறீர்? தராசிலை பிழையா, கண்ணிலை பிழையா?"

முத்துலிங்கம் கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு துரையைப் பார்த்தார். துரை வானத்தைப் பார்த்தார். அங்கே மேகமில்லை.

நாகலெட்சுமி முன்னால் வந்தாள். "கூடைக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டுங்க ஐயா."

"கூடை எங்கை? வேர் கயித்திலையெல்லோ தொங்குது. தண்ணி எங்கை? நாலு நாள் வெயில்லை கிடந்த வேர்."

"அதத்தாங்க நாங்களும் இத்தன வருசமாக் கேக்குறோம்," என்று பின்னாலிருந்து ராசம்மா சொன்னாள். பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழிக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. உலகத்தில் யாரும் காணாத அவருடைய செய்தி, கூடைக்கு ஒன்று தண்ணிக்கு இரண்டு என்று அங்கேயே கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டுரையைக் கொழும்பில் எத்தனை பேரிடம் வாசித்துக் காட்டியிருந்தாரோ!

அவர் துரையை ஒரு பக்கம் கூட்டிப் போய் இங்கிலீஷில் பேசினார். கையை லயத்தின் பக்கம் காட்டினார், எதிர்மேட்டுச் சரிவைக் காட்டினார், பாறையைக் காட்டினார். இந்த மரங்கள்தான் மலையைப் பிடித்து நிற்கின்றன, வெட்டினால் மலை இறங்கும், அப்படி இறங்கினால் அது என் அறிக்கையில் இருக்கும் என்று சொல்லியிருப்பார் போலும். அறிக்கை என்றதும் துரையின் முகம் மாறியது. திரும்பி வந்து, பைப்பைக் கையில் தட்டிக்கொண்டு அறிவித்தார்.

"வெட்டு நிறுத்து. ஒரு மரம் தொட வேணாம். டாக்டர் திரும்ப நிறுப்பான். இன்னைக்கு தொடக்கம் மரத்துக்குக் கழிவு இல்லே. வேர், இலை, எல்லாம் முழுசா நிறு!"

நேற்று வரை இல்லாத கழிவை இன்றைக்கு எடுத்தாயிற்று, அதுவும் மரத்துக்கு மட்டும். நாகலெட்சுமிக்கு அதைப் பற்றி அந்த நிமிஷத்தில் கவலையில்லை. பத்தொன்பது மரமும் நிற்கும், பிள்ளைகள் தலைக்கு மேல் மலை நிற்கும். குழியிலிருந்து ஏறிவந்த வீரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க அழுதாள். இப்போது அழலாம்.

பழைய தகடுகளை அவிழ்த்து எடுத்துவிடு, புதிதாகக் கட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவிழ்த்தாள். நாற்பதையும் மடியில் போட்டுக்கொண்டு நடக்கையில் அவை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ராசம்மாவைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் டாக்டர் தராசை இனிக் கண்ணை விட்டு விடமாட்டேன் என்று மடுவத்திலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்து நிறுக்கும் வரிசை வந்தது. நாகலெட்சுமி முன்னால். கூடையைத் தொங்கவிட்டாள். கூடையின் காதில் ஒரு தகரத் தகடு ஆடியது.

"என்னா இது?" என்றார் முத்துலிங்கம்.

"மரம்ங்க. ஏழாம் நம்பர் மேட்டு மரம்."

"வெளையாடுறியா?"

"நான் ஏங்க வெளையாடுறேன்? மரத்துக்குக் கழிவில்லன்னு தொரையே சொல்லிட்டாருங்களே. தகடு கட்டுனா மரம். நீங்கதான எழுதுனீங்க, ஏழாம் நம்பருக்கு வேருமில்ல, எலையுமில்லன்னு. இன்னைக்குப் பாருங்க, எலை எவ்வளவு இருக்குன்னு."

முத்துலிங்கம் அவளுக்குப் பின்னால் பார்த்தார். ராசம்மாவின் கூடையில் எட்டாம் எண். அதற்குப் பின்னால் ஒன்பது, பத்து. வரிசை மடுவத்தைத் தாண்டி வளைந்து போயிற்று. நாற்பது கூடைகளில் நாற்பது மரங்கள்.

டாக்டர் முக்காலியை விட்டு எழுந்து வந்து தகட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். அவருக்கு விளங்கியதும் முகம் சிவந்துபோயிற்று. திரும்பிப் போய் உட்கார்ந்து, குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"சொல்லும் காணும்," என்றார் முத்துலிங்கத்திடம். "ஏழாம் நம்பர் எவ்வளவு?"

"இருபத்தாறு," என்றார் முத்துலிங்கம். இருபத்திரண்டு வருஷத்தில் கொழுந்துக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு எடை. நாற்பது முறை சொன்னார். கடைசியில் குரலே போய்விட்டது.

ஒரு வாரக் கூத்துத்தான். மறுவாரம் டாக்டர் வேலையை முடித்துக்கொண்டு ஹட்டனில் ரயில் ஏறினார். தகடுகளைத் துரை வாங்கிப் பூட்டி வைத்தார். மூன்று றாத்தல் மறுபடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அறிக்கை வந்தது, மேட்டு மரத்துக்குக் காற்று அடிக்க அடிக்க வேர் ஆழமாகும், இலை சிறுத்துத் தடிக்கும் என்று. அதில் கொழுந்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் மரத்து டாக்டர்தானே.

ஆனால் ஒரு தவறு செய்துவிட்டார்கள். தகட்டைத்தான் திருப்பி வாங்கினார்கள். முள்ளைப் பார்க்கத் தெரிந்ததைத் திருப்பி வாங்க முடியவில்லை. அந்த ஒரு வாரத்தில், மத்தியானச் சோற்று நேரத்தில், ஒரு தட்டின் பின்பக்கம் கரியால் கோடு போட்டு, பெரிய கோடு அஞ்சு, சின்னக் கோடு ஒண்ணு என்று நாகலெட்சுமி லயத்துப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கழிவு திரும்பி வந்த முதல் சாயங்காலம், அவள் கூடை தொங்கியது. முள் ஆடி நின்றது. முத்துலிங்கம் வாயைத் திறப்பதற்குள், வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் ஒரே குரலாகச் சொன்னார்கள்:

"இருவத்தேழு!"

ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கும். முத்துலிங்கம் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். அடுத்த கூடை ஏற்கனவே தூக்கியாயிற்று. இருபத்துநாலு என்று எழுதிவிட்டார், வேறு என்ன செய்வார், ஆனால் அன்றைக்கு அவரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.